மூலை வீட்டுத் தோட்டத்துக்கு ஐந்து ஆண்டு மறைப்புத் தாருங்கள்

எங்கள் கவுன்சிலின் திட்டமிடல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஏப்ரலில் எங்கள் ஆறடித் தோட்ட வேலியை ஒரு மீட்டர் உயரத்துக்கு அறுத்துக் குறைத்தோம். உங்கள் அமலாக்கப் பிரிவு கேட்டது அதைத்தான், கேட்டபடியே செய்தோம். அறுத்த பலகைத் துண்டுகள் இன்னும் கொட்டிலுக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. அதற்குப் பிறகு சில நாட்களிலேயே அம்மா பின் தோட்டத்தில் கால் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

இதே விஷயத்தை ஆங்கிலத்தில் உங்களுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். இந்த மடலைத் தமிழில், எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதைவிட, வெளி லண்டனின் இந்தப் பகுதியில் மூலை வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கின்றன. வளவு பெரிது, பின்னொரு நாள் பக்கவாட்டில் ஓர் அறை இழுத்துக் கட்டலாம் என்று நம்பித்தான் வாங்குகிறோம். அந்த வளவின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலிச் சட்டம் வேறு என்பது வீடு வாங்கும்போது எங்களுக்குத் தெரியாது. கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. இந்த மடல் அவர்களுக்கும்தான்.

முதலில் எங்கள் வீடு நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். வாசல் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. பின் தோட்டத்தின் நீளப் பக்கம், 14 மீட்டர், பெரிய வீதியை ஒட்டி ஓடுகிறது. அந்த வீதியில் பஸ் போகும். பஸ் தரிப்பிடம் எங்கள் தோட்டத்தின் நடுப்பகுதிக்கு நேரே இருக்கிறது. ஒரு மீட்டர் வேலி என்றால் நிற்பவரின் இடுப்புக்குச் சற்று மேலே. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார்கள். காப்பிக் குவளையை வேலித் தூணின் தலையில் வைக்கிறார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். சிலர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக் கை அசைத்தும் இருக்கிறார்கள். ஆனால் 82 வயதுப் பெண் ஒருத்தி, தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலை விரித்து வெயிலில் உலர்த்தும் நேரத்தில், இரண்டு மீட்டர் தூரத்தில் ஏழெட்டுப் பேர் நின்றால், அவளால் அங்கே இருக்க முடியாது. எழுந்து உள்ளே வந்துவிடுவாள். அம்மா வந்துவிட்டாள். பிறகு போகவே இல்லை.

முன்பு வெள்ளிக்கிழமை முழுக்கு முடிந்தால் அம்மாவுக்குத் தோட்டம்தான். சின்னப் பலகைக் கட்டையில் உட்கார்ந்து வெந்தயக் கீரை ஆய்வாள். கோடையில் சுரைக்கொடிக்குப் பந்தல் கட்ட என்னை விரட்டுவாள். தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையை மே மாதம் வெளியே எடுப்பதும் குளிர் தொடங்கியதும் உள்ளே தூக்குவதும் அவளுடைய நாட்காட்டி. இந்த ஆண்டு கறிவேப்பிலைத் தொட்டி சமையலறை ஜன்னலடியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது என்று அம்மா கேட்கிறாள். தெருவில் நடப்பதற்கு மேல்கோட்டு வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். தோட்டத்துக்கு எதுவும் வேண்டியதில்லை, செருப்பு மட்டும் போதும்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். அதை நான் மதிக்கிறேன், வாசித்தும் இருக்கிறேன்.

இங்கிலாந்தில் எந்தெந்த வேலையைத் தனி அனுமதி கேட்காமல் செய்யலாம் என்று சொல்வது 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை; வேலிக்கான விதி அதன் இரண்டாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. வாகனம் ஓடும் வீதியை அடுத்து நிற்கும் வேலி, மதில், படலை எதுவானாலும் 1 மீட்டருக்கு மேல் போனால் திட்டமிடல் அனுமதி வேண்டும். மற்ற இடங்களில் 2 மீட்டர் வரை அனுமதி தேவையில்லை. தெருவின் நடுவில் இருக்கும் வீட்டுக்கு இது சிக்கலே இல்லை. முன் தோட்டம் வீதியைப் பார்க்கிறது, 1 மீட்டர். பின் தோட்டம் அயலவர்களின் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது, 2 மீட்டர். மூலை வீட்டில்தான் விதி முறுக்கிக்கொள்கிறது. எங்கள் பின் தோட்டத்தின் மூன்று பக்கங்களில் ஒன்று வீதி. குழந்தை விளையாடுவதும் துணி காய்வதும் அம்மா உட்காருவதும் அங்கேதான். ஆனாலும் விதி அந்தப் பக்கத்தை முன் வாசலைப் போலவே அளக்கிறது. இரண்டு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்த இடத்தில் மறைப்பு என்று எதைச் சொல்வது?

'அடுத்து' என்ற சொல்லுக்கு அந்த ஆணையில் அளவு கிடையாது. வேலியை வீதியிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே தள்ளினால் அது வீதியை 'அடுத்தது' ஆகாது என்று கேட்டேன். ஒரு அதிகாரி ஒரு மீட்டர் போதும் என்றார். இன்னொருவர் இரண்டு மீட்டராவது வேண்டும் என்றார். இருவருமே அதை எழுத்தில் தர மறுத்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தின் அகலம் 6 மீட்டர். இரண்டு மீட்டர் உள்ளே தள்ளினால் மூன்றில் ஒரு பங்கை வீதிக்குக் கொடுத்துவிட்டு, வெட்டாத புல்லாக அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதே ஆணை வேறு இடங்களில் மனிதக் கண்ணின் உயரத்தை நன்றாக அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. கூரையறை கட்டும்போது பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தால் மங்கல் கண்ணாடி போட வேண்டும்; அறைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே அது திறக்கக் கூடாது. தோட்டத்தில் மரத்தளம் போட்டால் தனி அனுமதி இல்லாமல் 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. காரணம் வெளிப்படை: அயல் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. 1.7 மீட்டர் என்பது நிற்கும் ஒருவரின் பார்வை தாண்டும் உயரம் என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கிறது. பஸ் தரிப்பிடத்தில் நிற்பவருக்கும் அதே உயரத்தில்தான் கண் இருக்கிறது.

உறுப்பினர்களே, நாங்கள் எந்தப் பார்வையும் படாத கோட்டை கேட்கவில்லை. எங்கள் பின்பக்க வீட்டார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூரையறை கட்டினார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு என்றால் 40 கன மீட்டர், மற்றவற்றுக்கு 50 கன மீட்டர் வரை அனுமதி கேட்காமலே கட்டலாம். பின்பக்க ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி விதி இல்லை. அவர்களுடைய புதிய ஜன்னல் எங்கள் தோட்டத்தைப் பார்க்கிறது. நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், இடம் வேண்டும். இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல் தட்டில் இருப்பவர்களுக்கு ஆறடி வேலி எதையும் மறைக்காது என்பதும் எனக்குத் தெரியும். பஸ் நிற்காமல் போய்விடும், ஜன்னல் தூரத்தில் இருக்கிறது. வேலியில் முழங்கை ஊன்றி நிற்கும் முகம் அப்படியல்ல.

2023 பெப்ரவரி 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டேட் மாடர்ன் அருங்காட்சியக வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டடத்தின் மேல்தளப் பார்வை மாடத்திலிருந்து வருவோர் எல்லோரும் எதிரே இருந்த கண்ணாடிச் சுவர் வீடுகளுக்குள் பார்த்தார்கள். இடைவிடாமல் பார்க்கப்படுவதும் சட்டப்படி தொல்லையாகலாம் என்று ஐந்து நீதிபதிகளில் மூவர் சொன்னார்கள். வீதியில் நடப்பவர்களையும் பஸ்ஸுக்கு நிற்பவர்களையும் அந்தத் தீர்ப்பைக் காட்டித் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. வீதி பொது இடம். ஆனால் பார்வையும் ஒருவரின் வீட்டு வாழ்வைக் குலைக்க முடியும் என்று இந்த நாட்டின் உயர்ந்த மன்றம் ஒப்புக்கொண்ட பிறகு, வேலிக்கு அனுமதி கேட்ட எங்கள் பழைய விண்ணப்பத்தின் மீதான திட்டமிடல் அறிக்கையில் அம்மாவின் நிலைமைக்கு ஒரே ஒரு வரி, 'விண்ணப்பதாரரின் தனிப்பட்ட விருப்பம்' என்று எழுதப்பட்டிருந்தது எனக்கு வலித்தது.

அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்குச் சொன்ன காரணம், ஆறடிப் பலகை வேலி 'தெருக்காட்சியின் திறந்த, பசுமையான தன்மைக்கு' ஊறு செய்கிறது என்பது. இதைப் பலமுறை யோசித்தேன். அதில் உண்மை இருக்கிறது. 14 மீட்டர் நீளத்துக்கு மண்ணிறப் பலகை, நடைபாதையின் விளிம்பில், ஒரு இலைகூட இல்லாமல். நடந்து போகிறவர்களுக்கு அது அழகில்லை. முன்பு அங்கே இருந்த பிரிவெட் செடிவேலி பட்டுப்போய்விட்டது. பட்டதைப் பிடுங்கிய இடத்தில் பலகையை நட்டோம், செடி வைக்கவில்லை. அது எங்கள் தவறு.

இந்த ஊரின் ரசனை எங்கிருந்து வந்தது என்றும் தேடிப் பார்த்தேன். லண்டனின் வடக்கில் 1907இல் தொடங்கிய ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் குடியிருப்பை உருவாக்கிய ஹென்ரியெட்டா பார்னெட் அம்மையாரின் கொள்கைகளில் ஒன்று, வளவுகளை மதிலால் பிரிக்காமல் செடிவேலியால் பிரிக்க வேண்டும் என்பது. அதை வாசித்தபோது எனக்கு யாழ்ப்பாணம்தான் நினைவுக்கு வந்தது.

உங்களில் பலருக்கு யாழ்ப்பாண வேலி தெரியாது, அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன். அங்கே வளவின் எல்லையில் முதலில் கதியால் நடுவார்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று வெட்டி நட்டால் வேர் விடும் தடிகள் அவை. நட்ட அன்று அவை வெறும் தடிகள், எதையும் மறைக்காது. ஆகவே அவற்றின் குறுக்கே வரிச்சுப் பிடித்து, தென்னோலை பின்னிய கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டுவார்கள். மறைப்பு அன்றைக்கே கிடைத்துவிடும். ஓலை வெயிலிலும் மழையிலும் உக்கும். அதற்குள் கதியால் தளிர்த்து, கிளைத்து, வேலி பச்சையாகிவிடும். பூவரசின் குழை ஆட்டுக்கு, உக்கிய ஓலை தோட்டத்துக்குப் பசளை. கிணற்றடியில் பெண்கள் குளிப்பதும் அந்த மறைப்புக்குள்தான். காற்று உள்ளே வரும், கண் வராது. பக்கத்து வீட்டுக்காரரோடு உறவு அறுந்துவிடக் கூடாது என்று வேலியில் ஒரு பொட்டும் விடுவார்கள். சின்ன இடைவெளி. அதன் வழியாகக் கறி போகும், பிள்ளைகள் போகும், ஊர்ப் புதினமும் போகும். அம்மாவின் வளவில் அப்படியொரு பொட்டு இருந்தது. பலகை வேலி போட்ட ஆண்டில், பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மாவின் பக்கத்தில் ஏன் ஒரு பொட்டு விடவில்லை என்று என்னைக் கேட்டாள்.

அந்த வேலியின் முறையைத்தான் இங்கே நான் முன்வைக்கிறேன். காய்ந்த வேலி இன்று மறைக்கட்டும், பச்சை வேலி வளரட்டும். பச்சை வளர்ந்ததும் காய்ந்ததை எடுத்துவிடுவோம்.

உங்கள் அதிகாரி எனக்குச் சொன்ன அறிவுரை, செடிவேலி வையுங்கள், அதற்கு அனுமதி வேண்டாம் என்பது. சரியான அறிவுரை. செடி வேலிக்கு இந்த ஆணையில் உயர வரம்பு இல்லை. 2003ஆம் ஆண்டின் சட்டப்படி 2 மீட்டருக்கு மேல் வளர்ந்த பசுமைமாறாச் செடிவேலி அயலவரின் வெளிச்சத்தைத் தடுத்தால்தான் முறையீடு வரும். ஆனால் எந்தச் செடியும் நட்ட அன்று மறைக்காது. லேலண்டி என்ற பசுமைமாறா ஊசியிலைச் செடி விரைவாக வளரும், ஆண்டுக்கு ஒரு மீட்டர்கூட. ஆனால் நிறுத்த முடியாது, பத்து ஆண்டில் அயலாருக்கு இருட்டாகிவிடும். எனக்கு அது வேண்டாம். நான் தேர்ந்தது பீச் (beech), பழம் தரும் பீச் அல்ல. ஒழுங்காக வெட்டிவிட்டால் குளிர்காலத்திலும் காய்ந்த இலையை உதிர்க்காமல் பிடித்து வைத்திருக்கும். இலையுதிர் மரத்தில் அது ஓர் அபூர்வக் குணம், எங்களுக்கு வேண்டியதும் அதுதான். 60 சென்டிமீட்டர்க் கன்று கண் உயரத்துக்கு வர நான்கைந்து ஆண்டாகும். அம்மாவுக்கு இப்போது 82. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆகவே எங்கள் புதிய விண்ணப்பத்தில் கேட்பது இது: வீதி எல்லையிலிருந்து 50 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி 1.8 மீட்டர் பலகை வேலி. அந்த 50 சென்டிமீட்டரில், வீதிப் பக்கமாக, மீட்டருக்கு நான்கு வீதம் 56 பீச் கன்றுகள். அனுமதி ஐந்து ஆண்டுக்கு மட்டும். ஆறாம் ஆண்டு பலகையை எடுத்துவிடுகிறோம், செடி நிற்கும். செடி பட்டால் மாற்றி நடுவதும் எங்கள் பொறுப்பு என்று நிபந்தனை போடுங்கள். காலம் குறித்து அனுமதி தரவும், காலம் முடிந்ததும் அகற்றச் சொல்லவும் 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின் 72ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருக்கக் கூடாது என்பதாலும்தான் திறந்த மடலாக எழுதுகிறேன். மூலை வீடுகளின் பின் தோட்டப் பக்கத்துக்கு இன்ன உயரம், இவ்வளவு உள்ளே, இன்ன செடி என்று ஒரு பக்க வழிகாட்டி வெளியிடுங்கள். பெரிய மனம் இருந்தால், உள்ளூர் மேம்பாட்டு ஆணை மூலம் இத்தகைய வேலிக்கு விண்ணப்பமே தேவையில்லை என்றும் ஆக்கலாம். அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களுக்கு அந்த அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது. குறைந்தது வழிகாட்டியாவது வேண்டும். ஒரு மீட்டரா இரண்டு மீட்டரா என்று மக்கள் அதிகாரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை மாற வேண்டும்.

எதிர்ப்பக்க மூலையில் ஒரு செங்கல் மதில் நிற்கிறது. இரண்டு மீட்டர் இருக்கும். அது கட்டிப் பல ஆண்டு ஆகிவிட்டதால் அதன்மேல் இனி நடவடிக்கை எடுக்க முடியாது என்று சொன்னார்கள். முன்பு அந்தக் கால வரம்பு நான்கு ஆண்டு. 2024 ஏப்ரல் 25ஆம் தேதி முதல் முடிக்கப்படும் வேலைகளுக்குப் பத்து ஆண்டு. அந்த மதிலை இடியுங்கள் என்று நான் கேட்கவில்லை, அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் அனுமதி கேட்டு வந்தவர் குறைத்து அறுக்க, கேட்காமலே காலம் கடத்தியவர் நிம்மதியாக இருக்க, அதைப் பார்த்து இந்தத் தெருவில் மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 172ஆம் பிரிவின்படி அமலாக்க நடவடிக்கை எடுப்பது உசிதம் என்று நீங்கள் கருதினால்தான் எடுக்க வேண்டும். கட்டாயம் இல்லை. அந்த உசிதத்தை எடை போடும்போது வேலியின் உள்ளே இருப்பவரையும் தட்டில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நானே கேட்டுக்கொள்கிறேன். சந்தி முனையிலும் கார் வெளியே வரும் வழியிலும் உயரமான வேலி கூடாது. நடைபாதையில் ஸ்கூட்டரில் வரும் பிள்ளையை ஓட்டுநர் பார்க்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் சந்தி முனையில் மூன்று மீட்டருக்கு வேலி 60 சென்டிமீட்டர்தான். முன் தோட்டத்தையும் நாங்கள் தொடவில்லை. அங்கே அம்மா செவ்வந்தி வைத்திருக்கிறாள், தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்காகவே.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மூலை வீட்டில் இருந்தால், பலகை வாங்கும் முன் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வேலியின் தலையில் வைக்கும் பின்னல் தட்டியும் உயரத்தில் சேரும் என்பதை மறக்காதீர்கள், எங்கள் தெருவில் இருவர் அதில்தான் மாட்டினார்கள். அமலாக்க அறிவித்தல் வந்தால் அது நடைமுறைக்கு வரும் தேதி அதிலேயே இருக்கும். அந்தத் தேதிக்கு முன் மேன்முறையீடு போய்ச் சேர வேண்டும். வழக்கமாக 28 நாள்தான் கிடைக்கும், விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தால் முடிந்துவிடும்.

உறுப்பினர்களே, சாதாரணமாக எங்கள் விண்ணப்பம் அதிகாரி மட்டத்திலேயே எட்டு வாரத்தில் தீர்ந்துவிடும், உங்கள் மேசைக்கு வராது. அதைக் குழுவுக்கு அழைத்து விவாதிக்கும்படி எங்கள் வட்டார உறுப்பினரைக் கேட்டிருக்கிறேன். வந்தால் பேச எனக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். அதற்கு முன்பு உங்களில் யாராவது ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் தோட்டத்துக்கு வந்து, அம்மாவின் பலகைக் கட்டையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பஸ் அந்த நேரத்தில் அடிக்கடி வரும்.

கன்றுகளுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். தொட்டியில்லாமல், வேரில் மண் இல்லாமல் வரும் கன்றுகளை நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் நட முடியும். உங்கள் முடிவு எதுவானாலும் நடுவோம். எந்த இடத்தில் எத்தனை என்று அம்மா ஜன்னலருகே இருந்தபடி தாளில் குறித்து வைத்திருக்கிறாள். 56இல் ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டு அம்மாவின் எல்லைக்கு அருகில்.

இப்படிக்கு,
மூலை வீட்டிலிருந்து ஒரு மகள்